நின்றவர்கள் எழுதாத கதை: 1990 வெளியேற்றமும் ஈழத்துத் தமிழ்ப் புனைகதையும்

'ஈழகேசரி' பிறந்த ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். 1930இல் நா. பொன்னையா சுன்னாகத்தில் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1958 வரை வெளிவந்தது. ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என்று நாம் வகுப்பறையில் பாடஞ் சொல்லும் இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகியோரின் பெயர்கள் அதன் பக்கங்களோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றன. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1885இல், சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' வந்துவிட்டது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் அந்நூலை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அறிஞர். ஆகவே ஈழத்துத் தமிழ்ப் புனைகதை என்ற வளவுக்கு இரு சமூகங்களும் தொடக்கத்திலிருந்தே உரித்தாளர்கள். ஒருவர் மற்றவரை விருந்தாளியாக அழைத்து உட்கார்த்திய வளவு அல்ல அது.

அந்த வளவில் நின்றுகொண்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். இவ்விரு சமூகங்களுக்கும் இடையே வடபுலத்தில் நிகழ்ந்தவற்றுள் மிகப் பெரியது 1990 ஒக்டோபர் வெளியேற்றம். அதைப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். போகாமல் நின்றவர்களாகிய நாங்கள் ஏன் எழுதவில்லை?

இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு அந்த நாட்களின் விபரங்களை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனினும் நான் கற்பிக்கும் வரலாற்றுப் பாடநூலில் அவை இல்லாதபடியால், ஒருமுறை வரிசையாக எழுதிவைப்பது ஓர் ஆசிரியனின் கடமையென்று நினைக்கிறேன்.

இந்திய இராணுவம் 1990 மார்ச்சில் வெளியேறியபின் யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் ஒகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. அதே மாதங்களில் கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் பலவும் ஊர்காவற் படையினராலும் இராணுவத்தாலும் தாக்கப்பட்டன. செப்டெம்பர் 26ஆந் திகதி யாழ்ப்பாணக் கோட்டையை விட்டு இராணுவம் அகன்றது. அதன்பின் ஒரு மாதத்துக்குள், சாவகச்சேரி முஸ்லிம்களிலிருந்து வெளியேற்றம் தொடங்கியது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் புலிகளின் கட்டளைக்குட்பட்ட பகுதிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவு பிறந்தது. ஒக்டோபர் 30ஆந் திகதி காலை யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெருவிலும் அதை அண்டிய ஒழுங்கைகளிலும் ஒலிபெருக்கி வாகனங்கள் வந்தன. குடும்பங்கள் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் அழைக்கப்பட்டன. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்று கூறப்பட்டது. கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட பணம் 150 ரூபா. வழியில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவை கழற்றப்பட்டன.

ஐந்து மாவட்டங்களிலுமாக வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 14,000 பேர். மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர் என்பதை நினைத்தால், எத்தகைய பிணைப்பு இரண்டு மணித்தியாலத்தில் அறுக்கப்பட்டது என்பது விளங்கும். போனவர்கள் புத்தளத்தின் தில்லையடியிலும் பாலாவியிலும் ஆலங்குடாவிலும் கல்பிட்டியிலும் ஓலைக் குடில்களில் ஒதுங்கினார்கள். பலர் அங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள்.

இதற்குப் பதிவுகள் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பினர், தாங்களே உயிரச்சத்தோடு இருந்த காலத்தில், இந்த வெளியேற்றத்தைத் தமது அறிக்கைகளில் எழுதினார்கள். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இதனை ஆவணப்படுத்துவதிற் செலவிட்டு 2018இல் மறைந்தார். வெளியேற்றம் குறித்த குடிமக்கள் ஆணைக்குழு முகாம்தோறும் சென்று வாக்குமூலங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. 2002 ஏப்ரலில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். தமிழ் அரசியலாளர்களில் எம். ஏ. சுமந்திரன் இதனை இனச்சுத்திகரிப்பு என்றே பகிரங்கமாகச் சொன்னார். அதற்காகத் தம்மவரிடமே ஏச்சும் வாங்கினார்.

அறிக்கைகள் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எத்தனை ரூபா என்று சொல்கின்றன. அடுத்த நாட் காலையில் பக்கத்து ஒழுங்கைக்காரர் என்ன செய்தார் என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டியது கதை.

கவிதை இவ்விடயத்தில் முந்திக்கொண்டது. கவிதைக்கு ஓர் இரவு போதும்; நாவலுக்கு ஆண்டுகள் வேண்டும். அகதி முகாமில் மேசையும் விளக்கும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே முஸ்லிம் எழுத்தாளர்களின் புனைகதையைப் பார்க்கவேண்டும். கிழக்கின் அந்தக் கொடிய ஆண்டை ஆர். எம். நௌஸாத் 'கொல்வதெழுதுதல் 90' என்ற நாவலாக்கினார். ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' ஒரு முஸ்லிம் பெண்ணையும் இயக்கத்திலிருந்து மீண்ட தமிழ்ப் பெண்களையும் ஒரே கதைக்குள் நிறுத்தியது. அந்நாவலைப் பற்றி எவருக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், மற்றச் சமூகத்தின் பெண்ணுடைய வீட்டுக்குள் நுழைந்து பார்க்க அது துணிந்தது என்பதை மறுக்கவியலாது.

தமிழ்த் தரப்பில் வெளியேற்றத்தை நேரடியாகப் பொருளாக்கிய புனைகதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வாசு முருகவேலின் 'ஜெப்னா பேக்கரி' அவற்றுள் அதிகம் பேசப்பட்டது. முஸ்லிம்களை அது சித்திரித்த விதம் நியாயமற்றது என்ற கண்டனம் கடுமையாக எழுந்தது. ஒரு நாவலைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒரேயொரு நாவல் பேசப்படும் இடத்தில் அதுவே வரலாறாகிவிடும் ஆபத்து உண்டு. பத்து நாவல்கள் இருந்தால் வாசகன் ஒப்பிட்டுப் பார்ப்பான். அந்தப் பத்து ஏன் வரவில்லை?

முதற் காரணம் அச்சம். யாழ்ப்பாணம் 1995 வரை புலிகளின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் இங்கிருந்து இதை எழுதுவது நடக்கக்கூடிய காரியமல்ல. இது உண்மையான காரணம். ஆனால் 2009 மே மாதத்தோடு இந்தக் காரணம் பெருமளவு காலாவதியாகிவிட்டது.

இரண்டாவது காரணம் எங்கள் சொந்தத் துயரம். வீட்டுக்கு வீடு சாவு விழுந்த சமூகத்திடம், 'நீ மற்றவனுக்கு என்ன செய்தாய்?' என்று கேட்டால் அது காதில் ஏறாது. முள்ளிவாய்க்காலுக்குப் பின்னர் இது இன்னும் கடினமாயிற்று.

மூன்றாவது, கணக்குப் பார்க்கும் பழக்கம். வெளியேற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தவுடன், 'கிழக்கில் ஊர்காவற் படை செய்தது என்ன?' என்ற பதில் வரும். கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் நடந்தவை உண்மை, அவையும் எழுதப்படவேண்டும். ஆனால் வீரமுனையில் நடந்ததற்கு யாழ்ப்பாணத்துத் தையற்காரர் எந்த வகையிற் பொறுப்பு? இனம் ஒன்று என்பதற்காக ஒருவரின் குற்றத்தை வேறொருவரின் தலையில் ஏற்றுவதுதான் 1983 யூலையில் கொழும்பில் எங்களுக்குச் செய்யப்பட்டது. அந்தத் தருக்கத்தின் கொடுமையை எங்களைவிட நன்கறிந்தவர் யார்?

நான்காவது காரணத்தைத்தான் நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது பொருட்கள் பற்றியது. போனவர்களின் வீடுகளிலிருந்த தளபாடங்கள் எடுக்கப்பட்டன, விற்கப்பட்டன. பின்னர் ஓடும் மரமும் கழன்றன. நிலைகளும் கதவுகளும் போயின. எடுத்தவர்களும் விற்றவர்களும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் விற்றால் வாங்குவதற்கு ஆள் வேண்டும். வாங்கியவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே எழுதியவற்றுக்கு அர்த்தமில்லை.

1990இல் எனக்கு ஒன்பது வயது. சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் தையற்காரர் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்துபோவார். என் பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு அவரிடம் துணி கொடுத்திருந்தோம். நவம்பரில் கடை பூட்டிக் கிடந்தது. பிறகு பூட்டும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அன்று பேசப்பட்டது துணியைப் பற்றி. போர்க்காலத்தில் துணி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அம்மா புறுபுறுத்தா. அந்த மனிதர் எங்கே போனார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கல்நெஞ்சுக்காரியல்ல. இருந்தும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அப்பா ஒரு சோடி யன்னல் வாங்கி வந்தார். நல்ல தேக்கு; விலை மலிவு. எங்கிருந்து வந்தது என்று அப்பா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த யன்னலோரம் இருந்துதான் நான் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படித்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை வலிகாமத்து ஒழுங்கைகளில் ஒலிபெருக்கி வந்தது. இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் வெளிக்கிடுங்கள் என்றார்கள். திகதியைக் கவனியுங்கள்: ஐந்தாண்டுகள் கழித்து அதே நாள். மழைக்குள் இலட்சக்கணக்கான சனத்தோடு நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். 1996இல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவுகள் இல்லை. அந்தத் தேக்கு யன்னலும் இல்லை.

இதைக் கதையாக எழுதினால், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று முடிக்கத் தோன்றும். எங்களூரில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சோனகரின் கண்ணீர் சும்மா விடாது என்று பெருமூச்சும் விடுகிறார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. அப்படிச் சொன்னவுடன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நாங்களும் இழந்தோம், ஆகவே சரிக்குச் சரி என்று மனம் ஆறிவிடுகிறது. சரிக்குச் சரியல்ல. நாங்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்தோம். அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 2002இல் ஏ-9 வீதி திறந்தபோதுதான் வந்து பார்க்கவாவது முடிந்தது. வந்தவர்கள் கண்டது சுவர்களை. எங்களை வெளியேறச் சொன்னவர்கள் எங்களை வேற்றார் என்று சொல்லவில்லை. அவர்களிடம் அதைத்தான் சொன்னார்கள்.

பிற நாட்டார் இத்தகைய விடயத்தைப் புனைகதையில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயன்தரும். 1942இல் ஜப்பானுடன் போர் மூண்டிருந்த வேளையில், அமெரிக்கா தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவழியினர் ஏறத்தாழ 120,000 பேரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பான்மையோர் அமெரிக்கப் பிரசைகள். கனடாவும் சுமார் 22,000 பேரை அவ்வாறே அகற்றி, அவர்களுடைய வீடுகளையும் வள்ளங்களையும் அவர்களின் சம்மதமின்றி விற்றது. அப்படி அகற்றப்பட்ட குடும்பமொன்றிற் பிறந்த ஜோய் கொகாவா 1981இல் 'ஒபாசான்' என்ற நாவலை எழுதினார். 1988 செப்டெம்பரில் கனேடியப் பாராளுமன்றத்தில் அரசு மன்னிப்புக் கோரிய அன்று, எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அந்நாவலிலிருந்து ஒரு பகுதியை எழுந்து வாசித்தார். அறிக்கைகளும் போராட்டங்களும் சேர்ந்து பெற்றுத்தந்த மன்னிப்பு அது. அன்றைய நாளுக்குக் குரல் தந்தது நாவல்.

எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, ஜூலி ஒட்சுகா என்ற ஜப்பானிய வம்சாவழி அமெரிக்க எழுத்தாளர் 2011இல் வெளியிட்ட ஒரு சிறு நாவல். அமெரிக்காவுக்கு மணப்பெண்களாக வந்த ஜப்பானியப் பெண்கள் 'நாங்கள்' என்று சொல்லிக்கொண்டே போகும் கதை அது. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் கொண்டுபோகப்பட்டுவிட்டார்கள். அங்கே 'நாங்கள்' என்று பேசுபவர்கள், ஊரில் மிஞ்சியிருக்கும் வெள்ளையர்கள். அவர்கள் எங்கே என்று கேட்கிறார்கள், பிள்ளைகள் விசாரிக்கிறார்கள், கொஞ்சம் வருந்துகிறார்கள், பிறகு மெதுவாக மறந்துபோகிறார்கள். நின்றவர்களின் அத்தியாயத்தையும் போனவர்களின் வழிவந்த ஒருவரே எழுதவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நமது நாட்டிலும் அது அவ்வாறே நேர்ந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. முஸ்லிம் எழுத்தாளன் தன் அகதி வாழ்வை எழுதிவிட்டு, எங்கள் மறதியையும் தானே எழுதவேண்டுமா?

ஆசிரிய கலாசாலையில் நான் பயின்ற காலத்தில், புத்தளத்திலிருந்து வந்த ஒரு மாணவன் என் அறைத்தோழன். சோனகத் தெருவிற் பிறந்து ஒன்பதாவது வயதில் வெளியேற்றப்பட்டவன். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவன் வாய் ஓயாது. அவன் சொல்லும் இடங்கள் பலவற்றை, பக்கத்தில் இருந்த நான் பார்த்ததேயில்லை. ஒரு விடுமுறைக்கு நான் ஊருக்கு வெளிக்கிட்டபோது, "மச்சான், எங்கட வீட்டு முன்கதவு பச்சை. நிக்குதோ எண்டு ஒருக்காப் பார்த்து வந்து சொல்லு" என்றான். போய்ப் பார்த்தேன். கதவு இல்லை, நிலையும் இல்லை. வீட்டுக்குள் பற்றை வளர்ந்திருந்தது. திரும்பி வந்து அதைச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். எங்கள் வீட்டுத் தேக்கு யன்னலைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந் தர மாணவர்களுக்கு, தங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் கதையைக் கேட்டு எழுதிவரும்படி ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு பையன் நாலே வரி எழுதி வந்தான். அப்பம்மாவிடம் ஒரு பித்தளைச் சருவம் இருக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருடைய பெயரும் அந்த எழுத்துகளில் தொடங்குவதில்லை. அப்பம்மா அதைப் பற்றிச் சொல்லமாட்டா.

மறுநாள் அவனுடைய தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "சேர், பிள்ளை அறியாமல் எழுதிப்போட்டான். அந்தத் தாளைக் கிழிச்சுப்போடுங்கோ" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, வெட்கம். நான் கிழிக்கவில்லை, தாளை அவரிடமே கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வெட்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஒரு வீட்டில் உயிரோடிருக்கிறது என்றால், அங்கே ஒரு கதை காத்திருக்கிறது என்று பொருள். வெட்கப்படத் தெரியாத சமூகத்தால் அதை எழுதமுடியாது. எங்கள் சமூகம் இன்னும் அந்த நிலைக்குப் போய்விடவில்லை. எங்கள் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது பெரிய மன்னிப்புக் கடிதம் அல்ல. அந்தச் சருவத்தின் கதையை எழுதுங்கள். யார் கொண்டுவந்தார், என்ன விலை, அதில் முதன்முதல் சோறு வடித்த நாளில் வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று எழுதுங்கள். அப்பம்மாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முஸ்லிம் வாசகர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. அந்தக் கதைகள் வரும்போது அவற்றிற் குறை இருக்கும். பாத்திரங்கள் தங்களைத் தாங்களே நியாயப்படுத்தும். சில இடங்களில் பொய்யும் சொல்லும். கண்டியுங்கள், ஆனால் வாசியுங்கள்.

என் பழைய அறைத்தோழன் இப்போதும் ஆசிரியன்தான். இச்சஞ்சிகை அவன் கைக்குக் கிடைக்கக்கூடும். மச்சான், எங்கள் வீட்டிலும் ஒரு சோடி யன்னல் இருந்தது.